அயல்படை வீரரின் கல்லறைக் குறி

அவைத்தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கா அல்லாத படையில் பணியாற்றி அமெரிக்காவில் அடக்கமானவரின் கல்லறையிலும், அவர் படைவீரர் என்னும் குறி இருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

கனடாவில் நயாகரா ஆன் த லேக் என்னும் சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், போலந்துப் படைவீரர் 25 பேர் ஒரே இடத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். இவர்கள் போர்க்களத்தில் மடிந்தவர்கள் அல்லர். முதல் உலகப் போரின்போது, 1917இல் அவ்வூரில் தொடங்கிய பயிற்சி முகாமிலேயே உயிர்விட்டவர்கள். பலரைக் கொண்டுபோனது 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய். அவர்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தொழில் நகரங்களில் உழைத்துப் பிழைத்த குடியேறிகள். அவர்கள் படையில் சேர்ந்தபோது, போலந்து என்றொரு தனி அரசே இருக்கவில்லை.

வட அமெரிக்காவிலிருந்து சென்ற 20,000க்கும் மேற்பட்டோர் பிரான்சில் போலந்துக்காரர்களைக் கொண்டு அமைந்த ஜெனரல் ஹாலரின் படையில் சேர்ந்து, பிரெஞ்சு நீலச் சீருடையில் பணியாற்றினர். 1919இல் அப்படை போலந்துக்குச் சென்றது. யூதர்கள்மீது அப்படையினர் சிலர் நிகழ்த்திய வன்முறையும் அவ்வாண்டின் வரலாறுதான். நினைவுக்கல்லை முன்னிட்டு அதை மறைப்பது தகாது.

போர் முடிந்து அமெரிக்கா திரும்பியவர்களை அந்நாட்டுச் சட்டம் முன்னாள் படைவீரர்களாக எண்ணவில்லை. நேச நாட்டுப் படையில், அதாவது போரில் அமெரிக்காவின் பக்கம் நின்ற நாட்டின் படையில், பணியாற்றியவரைத் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய வழி உண்டென்றாலும், அவர் படையில் சேரும்போதே அமெரிக்கக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. இவர்களில் மிகப்பலர் அந்த விதியிலேயே விடுபட்டுப் போனார்கள். 1976இல்தான், பத்தாண்டு குடியுரிமை பெற்றிருந்த போலந்து, செக்கோஸ்லோவாக்கியப் படையினருக்கு மருத்துவ வசதி அளிக்கும் சட்டம் வந்தது. ஐம்பது ஆண்டுக்கும் மேல் கழிந்து வந்த சலுகையை அனுபவிக்க எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

ஆகவே, அரசு செய்யாததைத் தோழர்களே செய்துகொண்டார்கள். 1921இல் அமைந்த போலந்துப் படை முன்னாள் வீரர் சங்கம் அவர்களுக்குத் துணையாயிற்று. பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனில் அவர்களுக்கெனக் கல்லறைப் பகுதியே உண்டு.

குறி வெறும் அலங்காரம் அன்று. அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று அனுசரிக்கப்படும் நினைவு நாளையொட்டித் தொண்டர்கள் கல்லறை கல்லறையாகக் கொடி நடும்போது, வீரர் என்பதற்கான அடையாளம் இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் மட்டும் பொறித்த கல்லை அவர்கள் கடந்து போய்விடுவார்கள். எனவே எந்தப் படை, எந்த ஆண்டு என்னும் இரண்டையேனும் கல்லில் பொறிக்க வேண்டும். அதற்கான சான்றுகள் அழிந்துவிடவில்லை. ஹாலரின் படைக்கு ஆள் சேர்த்த ஆவணங்கள் சிகாகோவிலுள்ள அமெரிக்கப் போலந்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாட்டனாரின் பெயரோடு அங்கே எழுதிக் கேட்பதிலிருந்து பேரப்பிள்ளைகள் இப்பணியைத் தொடங்கலாம்.