லயத்திலிருந்து கிளினிக் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் வாழும் பெண் கருவுற்றதும், எட்டு வாரங்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது அப்பகுதி மருத்துவிச்சியிடம், பதிந்துகொள்ள வேண்டும். ஆனால், கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர், அதாவது அன்றைய வேலைநாள் பதிவு, கிடைக்காது, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை என்பதால், நான்காம் ஐந்தாம் மாதம்வரை கூடையைச் சுமந்துவிட்டே எங்களிடம் வந்தவர்கள் பலர். அவர்களைக் கவனமற்றவர்கள் என்று கடிந்துகொள்வோரை நான் அறிவேன், அது நியாயமன்று.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து, கிராமத்துத் தாய்மாரின் வாசலுக்கே மருத்துவிச்சி செல்லும் முறை இந்நாட்டில் வேரூன்றியது. தோட்டத்து மக்களின் வைத்தியமோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. அந்தப் பிளவின் தழும்பு இன்னும் ஆறவில்லை. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர்.

அந்தக் குறை கருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஒருமுறை, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து அறையொன்றில், வெளிறிய கண்ணிமைகளோடு இருந்த ஒரு தாயிடம் இரும்புச்சத்துக் குளிசையைப் போடுகிறாரா என்று கேட்டேன். "ஒருநாளும் விடல மிஸ்" என்றவர், அடுப்பிலிருந்து இறக்கிய சாயத்தண்ணீரோடு அதை விழுங்கியும் காட்டினார். தேயிலைச் சாயம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்று அவருக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. காலையில் ரொட்டியோடும் தேத்தண்ணீர், மலையில் தேத்தண்ணீர், குளிசைக்கும் தேத்தண்ணீர். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டு, தேசிக்காய்ச் சாறு கலந்த நீரோடு குளிசையைப் போடும்படி சொன்னேன். கல்சியம் குளிசையையும் வேறு வேளைக்கு மாற்றச் சொன்னேன்.

சொல்வதற்கு மொழி வேண்டுமே! சிங்களம் மட்டும் அறிந்த உத்தியோகத்தருக்கும் தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கும் இடையில், பள்ளிக்கூடம் போகும் மகள் நின்று மொழிபெயர்க்கும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். இரத்தப்போக்கு இருக்கிறதா, கணவன் அடிக்கிறாரா என்பதையெல்லாம் ஒரு பிள்ளையின் வாய்வழியே எந்தத் தாய் சொல்வாள்? தமிழ் பேசும் மலையகப் பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்து அவர்களுடைய ஊர்களிலேயே நியமிப்பதை, வேறெந்தக் கட்டடத்துக்கும் முன்னதாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காமல் இரத்தம் போனால், இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பிரியலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். ஆனால் அது நிற்கும் தார்ப்பாதைக்கும் லயத்துக்கும் இடையே, மழையில் வழுக்கும் கற்படிகளில், கம்பளியில் கிடத்தித் தாயைத் தூக்கிவர நால்வர் வேண்டும். எட்டாம் மாதத்திலேயே அந்த நால்வர் யார் என்று குடும்பத்தார் பேசிவைப்பது நல்லது.

தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். நான் பணியாற்றிய பிரிவொன்றில், கொழுந்து நிறுக்கும் நேரத்தை ஒட்டி, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலேயே கிளினிக்கை நடத்திப் பார்த்தோம். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் தாய்மார் வரிசையில் வந்து நின்றார்கள்.