கட்டில் கம்பியைத் தட்டிய பெரியவர்

வணக்கம். பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கை வருகிறதா, பேச்சு வருகிறதா என்று கேட்பார்கள். சிறுநீர் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை, வீட்டாரும் கூச்சத்தில் சொல்வதில்லை. ஆனால் மருத்துவமனையில் சேருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் சிறுநீரை அடக்க முடியாத தொல்லை உண்டு.

பஸ்ஸில் போகும்போது முட்டினாலும் ஊர் வரும்வரை அடக்கிக்கொள்கிறோம் இல்லையா, அந்த அடக்கலுக்கு மூளையின் முன்பகுதி வேண்டும். அங்கே அடிபட்டால் சிறுநீர்ப்பை தன் இஷ்டத்துக்குச் சுருங்கும், வருகிறது என்று தோன்றும்போதே போய்விடும். சிலருக்கு நேர்மாறாக அடைத்துக்கொண்டு, பை நிரம்பி வழிந்து சொட்டும். சொட்டுகிறதே, போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

நான் நர்ஸாக இருந்த வார்டில் ஒரு பெரியவர், பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. திடீர் திடீரென்று இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார், போர்வையைப் பிடித்து இழுப்பார். "அப்பாவுக்குக் கோபம் சிஸ்டர்" என்று மகள் அழுவாள். தட்டிய நேரங்களை நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷத்துக்குள் படுக்கை நனைந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எங்களுக்குத்தான் புரியவில்லை! மறுநாளிலிருந்து தட்டியதும் யூரின் கேனை நீட்டினோம், தட்டாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்தோம். ஒரே வாரத்தில் பகலில் டயப்பர் தேவைப்படவில்லை. அன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் திரும்பச் சொல்கிறேன், கடிகாரத்தைப் பார்த்துக் கூட்டிப் போங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பேச முடியாதவர் நெளிந்தால், துணியை இழுத்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். படுக்கை நனையுமே என்று தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் ஏராளம், எனக்கு இதில் ரொம்ப வருத்தம். சிறுநீர் கெட்டியானால் பையை இன்னும் எரிச்சல்படுத்தும், மலச்சிக்கலும் சேரும், மலம் கட்டினால் சிறுநீர்த் தொல்லை கூடும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழியக் குறைக்காதீர்கள். பகலில் நிறையக் கொடுத்து, மாலைக்கு மேல் காபி டீயை நிறுத்துங்கள்.

சிறுநீர் வெளியேறப் பைக்குள் போட்டுவிடும் டியூப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித்தொற்றுக்கு வாய்ப்பு கூடும். வீட்டுக்கு டியூபோடு அனுப்பினால், எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.