மண்தடத்துக்கு ஒரு மூலை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இம்மண்டபத்தைத் தந்துதவிய ஆலய அறங்காவலர் பெருமக்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, வேலைக் களைப்பையும் பாராமல் பிள்ளைகளோடு வந்திருக்கும் லண்டன் வாழ் பெற்றோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடுபள்ளமான மண்தடத்தில் சிறு மிதிவண்டிகளில் ஓடும் பி.எம்.எக்ஸ். பந்தயத்தின் பிறப்பு, வளர்ச்சி ஆகிய இரண்டையும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று நான் எந்த மேடையிலும் சொல்வதுண்டு. இந்தப் பந்தயத்தின் வரலாறே அதற்குச் சான்று.

1960களின் இறுதியில் தெற்குக் கலிபோர்னியச் சிறுவர்கள், மோட்டோகிராஸ் என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பார்த்து, ஷ்வின் ஸ்டிங்ரே என்னும் சிறு மிதிவண்டிகளில் மண்மேடுகளைத் தாவத் தொடங்கினார்கள். 1970 நவம்பரில் லாங் பீச் நகரின் வெற்றுநிலம் ஒன்றில் அந்தச் சிறுவர்களுக்கு ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்பவன் பந்தயம் நடத்தினான். அவன் யாரென்று நினைக்கிறீர்கள்? விளையாட்டுத் துறை அதிகாரியா? பெரிய வணிகரா? இல்லை, பதின்மூன்றே வயதுப் பையன்! தானே மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவன். நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து சென்ட். பரிசுக் கோப்பை வாங்கப் பணம் ஏது? தான் வென்று வீட்டில் வைத்திருந்த கோப்பைகளையே எடுத்து வந்து, வென்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தான். தன் வெற்றியை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

1982இல் அமெரிக்காவின் டேட்டனில் முதல் உலகப் போட்டியும், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடமும் வந்தன. ஆனால் நான் பேச விரும்புவது நம் லண்டனின் பெக்கம் பகுதியைப் பற்றியே. அங்கே மைக்கேல் புசே என்பவர் 2004இல் தொடங்கிய பி.எம்.எக்ஸ். கழகத்தில் வளர்ந்த கை வைட் என்னும் வீரர், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அன்றே பெண்கள் பந்தயத்தில் தங்கம் வென்ற நம் நாட்டு வீராங்கனை பெத்தனி ஷ்ரீவர், பெண்கள் பந்தயத்துக்கான நிதியுதவி நின்றபின், பொதுமக்களிடம் நிதி திரட்டியும் வகுப்பறை உதவியாளராக வேலை செய்தும் பயிற்சி பெற்றவர். பந்தயம் முடிந்து எழ முடியாமல் கிடந்த அவரை வைட் இரு கைகளாலும் தூக்கி நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள்.

எட்டுப் பிள்ளைகள் முன்சக்கரத்தைத் தொடக்கக் கோட்டின் வாயிற்தட்டில் அழுத்தி, மிதியில் எழுந்து நின்று அத்தட்டு விழக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால், மழைக்குப் பின் மண்வெட்டியோடு வந்து தடத்தைச் சீராக்கிய பெற்றோர் இருக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதென்றால் இதுதானே!

நம் வட்டாரப் பூங்காவின் வடக்கு மூலையில் புல்லும் குப்பையுமாகக் கிடக்கும் நிலத்தில் ஒரு மண்தடம் கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அது வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கையொப்பத்தோடு, மாதம் ஒரு ஞாயிறு தடவேலைக்கு வர இயன்றவர்கள் தங்கள் பெயரையும் அருள்கூர்ந்து எழுதிச் செல்லுங்கள்.