மீண்டும் மடியில் வீணை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி நாள்களில் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கற்ற வீணையை, குடும்பமும் வேலையுமாக 22 ஆண்டுகள் தொடாமல் இருந்துவிட்டு மீண்டும் மடியில் எடுத்தவள் நான். உங்கள் வீட்டிலும் பரண்மேலோ பீரோவுக்குப் பின்னாலோ உறை போட்ட வீணையோ வயலினோ இருக்கக்கூடும். அதை எடுக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: முதல் நாள் அபசுரமாக ஒலித்தால் உடனே கையை நொந்துகொள்ளாதீர்கள், முதலில் வாத்தியத்தைப் பாருங்கள்.

நான் அவ்வாறு செய்யவில்லை. தந்திகளைத் துடைத்து, தந்தியை முறுக்கும் முளையான பிரடையைத் திருகிச் சுருதி சேர்த்து, மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பாடமான ஸரளி வரிசையை வாசிக்கத் தொடங்கினேன். ஸட்ஜமமும் பஞ்சமமும் நன்றாகவே நின்றன. மூன்றாம் சுரமான காந்தாரம் மட்டும் ஒவ்வொரு முறையும் சற்றுச் சுருதி கூடி ஒலித்தது. சுரம் குறைந்து ஒலித்தால் தந்தியைச் சிறிது இழுத்துச் சரிசெய்துவிடலாம். கூடி ஒலிக்கும் சுரத்தை இறக்க விரலால் ஆவதில்லை. ஒரு வாரம் போராடிவிட்டு, கை போய்விட்டது என்றே முடிவு செய்து, அழுகையோடு உறையை மூடினேன்.

பிறகு வீணை செய்யும் ஆசாரி ஒருவர் வந்தார். அவர் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. குனிந்து, வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் நீளத்துக்கு ஒரு கண்ணால் பார்த்தார். காந்தார மெட்டுக்கு, அதாவது அந்தச் சுரத்துக்காகத் தந்திக்குக் கீழே நிற்கும் குறுக்குப் பட்டைக்கு, அருகில் மெழுகை நகத்தால் அழுத்தினார். "அம்மா, மெட்டு குடத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது" என்றார். குடம் என்பது வீணையின் பருத்த பகுதி; மெட்டு அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒலிக்கும் தந்தி குறுகி, சுரம் கூடிவிடும். வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல, மெழுகில் பதிக்கப்பட்டவை என்பது எனக்குத் தெரிந்ததுதான். பல கோடைகளாகப் பரண் வெப்பத்தில் அந்த மெழுகு இளகியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. மெழுகை இளக்கி, மெட்டை நிமிர்த்தி, ஒவ்வொரு சுரத்தையும் காதால் சரிபார்த்து அவர் மேளம் கட்டும் வேலையை, அதாவது மெட்டுகளை மெழுகில் பொருத்தும் வேலையை, முடித்ததும், என் காந்தாரம் திரும்பி வந்தது. ஆகவேதான் மீண்டும் சொல்கிறேன்: முதலில் வாத்தியம், பிறகு கை.

கைக்கும் காலம் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இருந்த காய்ப்பு மறைந்திருப்பதால் தந்தி தோலை அறுக்கும். முதல் மாதம் 15 நிமிடம் போதும், விரல் நுனியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நாம் வாசிக்காத ஆண்டுகளிலும் கச்சேரிகளையும் இதே வானொலியையும் கேட்டுக் கேட்டு நம் காது வளர்ந்திருக்கிறது. பழைய இடத்திலேயே நிற்கும் கையைக் கேட்டு அது வருந்தத்தான் செய்யும்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். ஆசிரியரிடம் திரும்பச் செல்வது குறித்து விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மனப்பாடமான வர்ணம் என்ற பெரிய உருப்படியை வாசித்துக் காட்டாமல், ஸரளி வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசித்துக் காட்டுங்கள். எந்த விரல் பின்தங்குகிறது என்பதை அவர் அதிலேயே கண்டுகொள்வார். வணக்கம்.