பத்து ஜோடியில் உங்கள் ஜோடி எது?

நடுவர் அவர்களே, எங்களை மறுக்க வந்து பாதி வாதத்தை எங்களுக்காகவே பேசிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, மடியில் பிள்ளையும் கையில் போனுமாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பரபரப்பான குடும்பத்தில் பிள்ளைக்குப் பெரிதும் வேண்டியது எல்லோரும் கூடியிருக்கும் நேரமா, ஒரு பிள்ளைக்கென்று தனியே ஒதுக்கும் நேரமா? தனி நேரமே என்பது எங்கள் கட்சி.

"ராத்திரி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறோமே, அதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார் எதிரணித் தலைவர். சரி, அந்தச் சாப்பாட்டுக்கே போவோம். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள். நடுப்பிள்ளை வாயைத் திறக்கிறாள். "அம்மா, இன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு தெரியுமா..." "இருடி, தம்பி தண்ணியைக் கொட்டிட்டான்." துடைத்தாயிற்று. "அம்மா, ஸ்கூல்ல..." பெரியவன் குறுக்கே வருகிறான். "அப்பா, நாளைக்குள்ள ஃபீஸ் கட்டணுமாம்." ஃபீஸில் ஆரம்பித்த பேச்சு கடன் தவணையில் போய் நிற்கிறது. கடைசியில் அம்மாவே கேட்கிறாள், "என்னமோ சொல்ல வந்தியேடி?" "ஒண்ணுமில்ல."

நடுவர் அவர்களே, அந்த "ஒண்ணுமில்ல"யைக் கேட்காத வீடு இருக்கிறதா? யாருக்கும் அவள்மேல் பாசக்குறைவு கிடையாது. ஐந்து பேர் பேசுகிற இடத்தில் அவள் முறை வரவே இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 10 ஜோடி வரும். பாட்டியும் வந்துவிட்டால் 15. ஆள் ஒன்று கூடினால் ஜோடி ஐந்து கூடுகிறது, நாளைக்கு மட்டும் அதே 24 மணி நேரம்! இந்தப் பத்தில் "அப்பாவும் நடுப்பிள்ளையும்" என்ற ஜோடி கடைசியாக எப்போது தனியாக உட்கார்ந்தது? அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது. இல்லையென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தபோது. பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? வயிற்றுவலி என்றால் அம்மா பக்கத்தில் வருவாள், சண்டை போட்டால் அப்பா தனியாகக் கூப்பிடுவார் என்று சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். காரணமே இல்லாமல் அடம் பிடிக்கிறான் என்று நாம் புலம்பும் அடங்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேஷம் வேறு கட்டிவிடுகிறோம். பெரியவன் பொறுப்பானவன், கடைக்குட்டி செல்லம், நடுவில் இருப்பவள் எதுவும் கேட்காத தங்கமான பெண். அந்தப் பொறுப்பான பெரியவன் அப்பாவோடு தனியாக பைக்கில் போகும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, "எனக்கு இன்னும் இருட்டுன்னா பயமா இருக்குப்பா" என்பான். தம்பி முன்னால் சொல்வானா? செத்தாலும் சொல்ல மாட்டான். எதிரே உட்காரவைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டாலும் வாய் திறக்காது. அது விசாரணை!

எதிரணி அம்மையார் ஒருவர் 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தார். 3 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளிடம், தாய் செலவிட்ட நேரத்தின் அளவுக்கும் அவர்களுடைய நடத்தை, மதிப்பெண் ஆகியவற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றார். உண்மைதான். அதே ஆய்வில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அளவும் கணக்கில் வந்தது, பெற்றோர் இருவரும் சேர்ந்து செலவிடும் நேரத்துக்கும் நல்ல பெயர் கிடைத்தது. தனக்குச் சாதகமான அந்த வரியை அம்மையார் விட்டுவிட்டார், நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அங்கே எண்ணியது மணிகளை. நாங்கள் மணிக்கணக்கில் கேட்கவே இல்லையே!

எவ்வளவுதான் கேட்கிறோம்? 1970-களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபர்க் உருவாக்கிய ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. அடங்காத சின்னப் பிள்ளைகளுக்கானது. அதில் பெற்றோருக்குத்தான் வீட்டுப்பாடம்: தினமும் 5 நிமிடம் அந்தப் பிள்ளையோடு மட்டும் விளையாட வேண்டும். என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். அந்த ஐந்து நிமிடமும் பெற்றோர் ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் நம்மில் பாதிப் பேருக்குப் பிள்ளையிடம் பேச வேறு பேச்சே இல்லை! அதனால்தான் ஐந்து நிமிடம் நமக்கு மலையாகத் தெரிகிறது. நேரப் பஞ்சம் என்பதெல்லாம் அப்புறம்.

பொறாமை வரும் என்றார்கள். வரத்தான் செய்யும், தன் முறை என்றைக்கு என்று தெரியாவிட்டால். திங்கள் உனக்கு, புதன் தங்கச்சிக்கு என்று சொல்லி, சொன்ன கிழமையை ஆபீஸ் அழைப்புக்காக ரத்து செய்யாமல் இருந்து பாருங்கள். தனியாளாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். சின்னது தூங்கிய பிறகு பெரியவனோடு துணி மடிக்கிற நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கும். அதுவும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. மிச்சத்தை எங்கள் அணித் தோழி பார்த்துக்கொள்வார். நன்றி, வணக்கம்.