கனவைக் கண்டவர் யார்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியில் கனவைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. விடியப்புறம் கிணற்றடியிலேயே பேச்சுத் தொடங்கிவிடும். பல் விழுந்ததாகக் கண்டேன், யாருக்கு என்ன வரப்போகிறதோ என்று ஆச்சி கலங்குவார். கல்யாண வீடு கண்டால் செத்த வீடு என்பார்கள். யானை துரத்தினால் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி மறந்துபோய்விட்டது என்பார்கள். விடியப்புறம் கண்ட கனவு பலிக்கும் என்பதில் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை.

இன்றைக்கு நான் பலன் சொல்ல வரவில்லை. கனவையும் நித்திரையையும் யோக நூல்கள் எப்படிப் பார்த்தன, நம்மை நாமே அறிவதற்கு அவற்றில் என்ன வழி இருக்கிறது என்பதைப் பேச வந்திருக்கிறேன். பலன் பார்க்கிறவர் கனவில் வந்த பாம்பையும் பல்லையும் பார்க்கிறார். யோகி பார்ப்பது அந்தக் கனவு யாருக்கு வந்ததோ அவரை.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், மனத்தின் அசைவுகளை ஐந்தாக வகுக்கிறார். சரியான அறிவு, பிழையான அறிவு, வெறும் சொல்லிலிருந்து எழும் கற்பனை, நித்திரை, நினைவு. இதில் நித்திரையையும் ஓர் அசைவாகச் சேர்த்தது எனக்கு இன்றும் வியப்புத்தான். நித்திரையில் மனம் நின்றுவிடுகிறது என்றல்லவா நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? வியாசர் பெயரில் உள்ள பழைய உரை இதற்குக் காரணம் சொல்கிறது. எழும்பியதும் ஒருவர், சுகமாக நித்திரை கொண்டேன், மனம் தெளிவாக இருக்கிறது என்கிறார். இன்னொருவர், நித்திரையே சரியில்லை, மனம் அலைகிறது என்கிறார். மூன்றாமவருக்கு உடம்பெல்லாம் பாரம், தலை கனக்கிறது. அனுபவிக்காத ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்றால், ஒன்றுமே தெரியாமல் கிடந்த அந்த நேரத்திலும் ஏதோ ஒன்று பதிந்திருக்கிறது. அது யாரிடம் பதிந்தது? யோகம் கேட்கும் கேள்வி அதுதான். அதே பாதத்தின் 38 ஆவது சூத்திரம் இன்னும் ஒரு படி போகிறது. கனவிலும் நித்திரையிலும் கிடைக்கும் அறிவைப் பற்றிக்கொண்டும் மனத்தை நிலைநிறுத்தலாம் என்கிறது.

இதைவிட எனக்கு நெருக்கமானது சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வரும் இந்திரன் கதை. ஆன்மா எது என்று அறிய, தேவர் தலைவன் இந்திரனும் அசுரர் தலைவன் விரோசனனும் படைப்புக் கடவுளான பிரசாபதியிடம் போய் 32 வருடம் இருக்கிறார்கள். தண்ணீரில் தெரிகிற உருவத்தைக் காட்டியதும், உடம்புதான் ஆன்மா என்று விரோசனன் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுகிறான். இந்திரனுக்குப் பாதி வழியில் சந்தேகம் வந்துவிடுகிறது. திரும்பி வந்து இன்னும் 32 வருடம் இருக்கிறான். இப்போது பிரசாபதி, கனவில் உலாவுகிறவனே ஆன்மா என்கிறார். சரி என்று புறப்பட்ட இந்திரன் மறுபடியும் நடு வழியில் நிற்கிறான். உடம்புக்குக் கண் போனாலும் கனவில் உலாவுகிறவனுக்குக் கண் போகவில்லை. கால் முடமானாலும் அவன் முடவன் இல்லை. ஆனால் அவனைக் கொல்லுவது போல இருக்கிறதே, துரத்துவது போல இருக்கிறதே, அவனும் அழுகிறானே, இதில் எனக்கு என்ன ஆறுதல் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறான்.

நேயர்களே, இந்த வரியை வன்னியில் இருந்து வாசிக்கிறவருக்கு விளக்கம் தேவையில்லை. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் இங்கே எத்தனையோ வீடுகளில் இரவு முடியவில்லை. பங்கருக்குள் மண் சரிகிறது, சனத்துக்குள் பிள்ளையின் கை நழுவிப்போகிறது, ஓட நினைத்தால் கால் வரவில்லை. அப்படி அலறி எழும்புகிறவரிடம், கனவுதானே, படு என்று சொல்லுகிறோம். பிரசாபதி அப்படிச் சொல்லவில்லை. நீ சொல்வது சரிதான், இன்னும் இரு, சொல்லித் தருகிறேன் என்றார். கனவில் வந்த துன்பம் துன்பந்தான் என்று ஏற்றுக்கொண்ட பிறகே மேலே பேசினார். இந்த இடத்துக்காகவே அந்தக் கதையை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னும் 32 வருடம் கழித்து, மூன்றாம் முறை பிரசாபதி ஆழ்ந்த உறக்கத்தைக் காட்டுகிறார். இந்திரன் அதையும் ஏற்கவில்லை. அங்கே பயமில்லை, உண்மைதான், ஆனால் நான் இன்னார் என்பதும் தெரியவில்லையே, அழிந்துபோனவன் மாதிரி அல்லவா என்கிறான். கடைசியாக இன்னும் ஐந்து வருடம். எல்லாம் சேர்த்து 101 வருடம் இருந்துதான் விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றும் யாருக்கு வந்துபோகின்றனவோ அவரைப் பற்றிய பாடம் அவனுக்குக் கிடைத்தது.

நமது சைவ சித்தாந்தம் இதைத் தன் வழியில் இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களில் கனவும் இருக்கிறது, உறக்கமும் இருக்கிறது. ஐம்புலனும் ஒடுங்கிய பிறகும் கனவை அறிகிறோம், ஆகவே அறிகிறவர் புலன்களுக்கு வேறானவர். உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்பதுன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை, ஆகவே அவர் மூச்சுக்கும் வேறானவர்.

சிவஞானபோதத்தை விரித்துப் பாடிய சிவஞான சித்தியார் இதற்குக் கணக்கே தருகிறது. விழிப்பில் நெற்றியில், புலன், மனம், மூச்சு முதலான 35 கருவிகளோடு நிற்கும் உயிர், கனவில் கண்டத்துக்கு, அதாவது தொண்டைக்கு, இறங்கும்போது 25 கருவிகளே கூட வரும். நின்றுவிட்ட பத்தும் எவை? கண், காது முதலான ஐந்தும், கை, கால் முதலான ஐந்தும். ஆழ்ந்த உறக்கத்தில் இதயத்துக்கு வரும்போது மிஞ்சுவது மூன்று: நினைக்கும் சித்தம், மூச்சாகிய பிராணன், நுகர்கிறவனாகிய புருடன். அதற்குக் கீழே துரியம், துரியாதீதம் என்று இன்னும் இரண்டு நிலைகள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாண்டூக்கிய உபநிடதம் நான்காவதாகச் சொல்லும் துரியம் தூய அறிவு நிலை. சித்தாந்தம் கீழ்நோக்கி எண்ணும் இந்தத் துரியமோ உறக்கத்திலும் ஆழ்ந்த இருட்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

கனவில் கால் வராத சங்கதிக்கு இன்றைய மருத்துவமும் விளக்கம் வைத்திருக்கிறது. 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறங்குபவரின் கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் இருப்பதை வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் மூளை, கைகால் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் பாயில் இருந்து எழும்பி ஓடுவார். சில வேளை விழிப்பு முந்திவிடும், கட்டு அவிழ்வதற்குள் கண் திறந்துவிடும். நெஞ்சில் பேய் ஏறி அமுக்கியது என்று சொல்லுகிறோமே, அது இதுதான். பயப்பட வேண்டாம், சற்று நேரத்தில் தானாக விலகிவிடும். இந்தக் கட்டம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியும் பக்கம் நீண்டுகொண்டே போகும். விடியப்புறக் கனவு அவ்வளவு தெளிவாக நினைவில் நிற்பதற்கும் அதுதான் காரணம். அதைப் பலிக்கும் கனவு என்று எண்ணி நாள் முழுக்க நடுங்க வேண்டியதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? காலையில் விழிப்பு வந்ததும் உடம்பைத் திருப்பாமல் அப்படியே கிடவுங்கள். போனைத் தொட வேண்டாம். கனவின் கடைசித் துண்டு ஏதாவது கையில் இருக்கும், ஒரு முகம், ஒரு படலை, ஒரு சத்தம். அதைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னுக்குப் போனால் முன்னால் நடந்ததும் வரும். பிறகு ஒரு கொப்பியில் இரண்டு மூன்று வரி எழுதி வையுங்கள். என்ன வந்தது என்பதைவிட, அங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எப்படி இருந்தேன் என்பதை எழுதுங்கள்.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு விவசாயி இப்படி எழுதிவந்தார். இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்கிறவர். அவருடைய கனவுகளில் வாய்க்கால் வரும், கடை வரும், ஆஸ்பத்திரி வரும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாக் கனவிலும் அவர் யாரோ ஒருவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். நான் முறை தவறி மடையைத் திறக்கவில்லை, நான் காசு கொடுத்துவிட்டேன், என்னில் பிழை இல்லை. ஒருநாள் கொப்பியை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார், “ஐயா, பகலிலும் நான் இப்படித்தான். ஒருத்தரும் கேட்க முன்னமே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.” நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே கண்டுபிடித்தார். எந்தக் கனவுப் பலன் புத்தகமும் அதை அவருக்குச் சொல்லியிருக்காது.

இரவைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் காலைப் பார்வை தெளியும். மிகையாக உறங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, உறங்காமல் விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். நித்திரை வருகிறது என்று கசிப்பைக் குடிக்கிறவர்கள் கவனியுங்கள். குடி முன்னிரவில் கனவுக் கட்டத்தை அமுக்கும், பின்னிரவில் நித்திரையைத் துண்டு துண்டாக்கும். குடியை விட்ட முதல் நாட்களில் பயங்கரக் கனவு கூடும் என்பதும் உண்மை. நெடுநாள் குடித்தவர் மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

படுக்குமுன் சற்று நேரம் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி இருங்கள். இப்போது பல இடங்களில் சொல்லிக் கொடுக்கும் யோக நித்திரை, பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்தியானந்த சரசுவதி ஒழுங்குபடுத்திய முறை. மல்லாந்து படுத்து, உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைக் கொண்டுபோவது. நல்ல முறை. ஆனால் வன்னியில் சொல்லிக் கொடுக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது, யாரையும் இருட்டில் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பங்கருக்குள் கிடந்த உடம்புக்கு அந்தக் கிடையே பழையதைக் கிளப்பிவிடும். விளக்கு எரியட்டும், கண் திறந்திருக்கட்டும், சுவரில் சாய்ந்து இருந்தே செய்யட்டும். நெஞ்சு படபடத்தால் எழும்பி முற்றத்துக்குப் போகட்டும். அதுவும் பயிற்சிதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மா கேட்டார். அவன் சாரம் கட்டிக்கொண்டு படலையைத் திறந்து வருகிறான், அம்மா பசிக்குது என்கிறான், சோறு போட எழும்பும்போது விழிப்பு வந்துவிடுகிறது, அப்படியென்றால் அவன் இருக்கிறானா? அந்தக் கேள்விக்கு யோகத்தில் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. கனவை வைத்து இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு தாய்க்குச் சொல்லிக் காசு வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யோக நூலில் இருப்பது வேறு. அனுபவித்தது நழுவாமல் இருப்பதே நினைவு என்கிறார் பதஞ்சலி. கனவையும் ஒருவகை நினைவாகவே உரைகாரர் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிள்ளைக்குப் போட்ட சோறும், அவன் படலையைத் திறக்கும் சத்தமும் அந்த அம்மாவிடம் நழுவாமல் இருக்கின்றன. அந்தக் கனவைத் துரத்த மருந்து தேட வேண்டுமா என்றும் அவர் கேட்டார். அவருக்கு அது வேண்டியிருந்தால் வரட்டும். அதைக் கண்டு நாள் முழுக்க எழும்ப முடியாமல் போனால், சாப்பாடும் நித்திரையும் விட்டுப்போனால், மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம். அங்கே கனவின் முடிவை விழிப்பில் மாற்றி எழுதிப் பழகும் முறை போன்ற உதவிகளைப் பற்றிக் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவர்களுக்கு. பிரகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் சனக மன்னனுக்குக் கனவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், உறங்குகிறவனைத் திடுக்கென்று எழுப்பாதே என்பார்கள், உயிர் தன் இடத்துக்குத் திரும்பி வராவிட்டால் வைத்தியம் கடினம் என்று ஒரு குறிப்பு வருகிறது. இரவில் அப்பா அலறினால் தோளைப் பிடித்து உலுக்க வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போடுங்கள். பெயரையோ முறையையோ சொல்லி மெல்லக் கூப்பிடுங்கள். “அப்பா, நான்தான். வீட்டில்தான் இருக்கிறம். வெளியில ஒன்றும் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கண் உங்களைப் பார்த்த பிறகு தண்ணீர் கொடுங்கள். என்ன கண்டீர்கள் என்று அப்போது கேட்க வேண்டாம். அவர் பேச நினைத்தால் காலையில் பேசுவார். மெய்கண்டார் உயிருக்குச் சொல்லும் இன்னொரு இலக்கணம் அதே மூன்றாம் சூத்திரத்தில் இருக்கிறது: உணர்த்த உணர்தல். தானாக அறியாது, ஒருவர் அறிவித்தால் அறியும். இறைவன் உயிருக்கு அறிவிப்பதைச் சொன்ன வார்த்தை அது. நடு இரவில் ஒரு பிள்ளை அப்பாவைப் பெயர் சொல்லி விழிப்புக்குக் கூட்டிவரும்போதும் எனக்கு அந்த வார்த்தைதான் நினைவுக்கு வருகிறது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.