பொன்னம்மாவை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மகள் அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"உங்கள் முதல் நாவலில் வரும் பொன்னம்மாவை மண்முனைத் துறையிலேயே நிற்க வைத்துவிட்டுக் கதையை முடித்துவிட்டீர்கள். வாசித்த எனக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எழுதிய உங்களுக்கு எப்படி இருந்தது? பாத்திரங்கள் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுத்தாளர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா, பேச்சுக்குச் சொல்வதா? நாவல் முடிந்த பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள்?"

நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மகள். அதற்குத்தான் என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது.

பேச்சுக்குச் சொல்வது இல்லை. உண்மைதான். 2014இலும் 2018இலும் எடின்பரோ சர்வதேசப் புத்தக விழாவுக்கு வந்த எழுத்தாளர்களிடம் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னவர்கள் 181 பேர். அவர்களில் நூற்றுக்கு 63 பேர், எழுதும்போது பாத்திரங்களின் குரல் தங்களுக்குக் கேட்கிறது என்றார்கள். நூற்றுக்கு 61 பேர், பாத்திரங்கள் தாமாகவே நடந்துகொள்வதுண்டு என்றார்கள். அதனால் இது ஓரிருவரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதில் பேயும் இல்லை, அருளும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பொன்னம்மா பன்பாய் இழைப்பவள். பன் என்பது பாய் இழைக்கும் ஒரு வகைப் புல். போர்க்காலத்தில், 1990இல், அவளுடைய கணவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி வீட்டுக்கு வரும் இடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். "மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள்" என்று எழுதினேன். மறுநாள் காலையில் வாசித்தால் பொய்யாக இருந்தது. வெட்டினேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள் என்று எழுதினேன். அதுவும் நிற்கவில்லை. நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் கொப்பியிலிருந்து கிழித்தேன். அவள் அழ மறுக்கிறாள் என்று வீட்டிலிருந்தவர்களிடம் சொல்லிக் கோபப்பட்டதும் நினைவிருக்கிறது.

பிறகு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் போனேன். எனக்குத் தூரத்து உறவு. அவர் பாய் இழைத்துக்கொண்டே என்னுடன் பேசினார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர். காய்ந்த பன் முறிந்துவிடாமல் இருக்க இடைக்கிடை விரலால் தொட்டுத் தெளித்துக்கொள்வார். பேச்சு எப்படியோ அவருடைய கணவரின் சாவுக்குப் போய்விட்டது. குரல் மாறவில்லை. விரல்கள் பன்னை எடுப்பதும் மடிப்பதும் நிற்கவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த இடத்துக்குக் கதை வந்தபோது, சிரட்டையிலிருந்து தண்ணீரை அள்ளி, ஏற்கெனவே ஈரமாக இருந்த பன்னின் மேல் மறுபடியும் தெளித்தார். பிறகு இன்னொரு தடவை தெளித்தார். பாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அன்று இரவே அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். பொன்னம்மா அழவில்லை. நனைந்த பாயை நனைத்துக்கொண்டிருந்தாள்.

பாத்திரம் பேச்சைக் கேட்பதில்லை என்று நான் சொல்வது இதைத்தான். நான்கு தடவையும் எனக்கு அவளுடைய கைகளைத் தெரியாது. தெரியாமல் அவளுக்குக் கட்டளை போட்டேன். கைகள் தெரிந்த பிறகு கட்டளை போடத் தேவையே வரவில்லை. நீங்களும் எழுதுகிறவர் என்றால், ஒரு பாத்திரம் முரண்டு பிடிக்கும்போது மேசையை விட்டு எழும்பிப் போங்கள். அந்த வேலையைச் செய்கிற ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இப்போது முதல் கேள்வி. எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். பாத்திரங்களை "நான் பெற்ற பிள்ளைகள்" என்று சொல்லும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய அனுபவமாக இருக்கலாம். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை, ஏனென்றால் பொன்னம்மாவை நான் பெறவில்லை. கைகள் பெரியம்மாவுடையவை. அவள் பேசும் விதம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணுடையது. அவளுடைய காத்திருப்பு இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு வாசல்களில் இன்றும் இருக்கிறது. காணாமல் போனவர்களின் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாமாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு பேரிடமும் வாங்கித்தான் ஒருத்தியைச் செய்தேன். பிள்ளைப் பாசம் என்பதைவிடக் கடன் என்ற சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. வாங்கியதைக் கண்ணியமாக வைத்திருக்க வேண்டிய கடன்.

உடம்பிலேயே பாத்திரத்தை அனுபவித்தவர்களும் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் பிளோபேர், தன் கதாநாயகி நஞ்சு உண்ணும் பகுதியை எழுதியபோது தன் வாயிலேயே அந்த நஞ்சின் சுவை இருந்ததாகவும், உண்டதை வாந்தி எடுத்ததாகவும் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நாவலை முடித்த இரவு நன்றாகத் தூங்கினேன். எனக்கு நடந்தது பல வருடங்களுக்குப் பிறகு, 2014இல்.

அதைச் சொல்ல முதல், வெளியூரில் இருந்து பார்க்கிறவர்களுக்காக ஒன்று. மட்டக்களப்பில் வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்றுதான் சொல்வோம். மண்முனைத் துறையிலும் நீண்ட காலம் பாதைதான் ஓடியது. பொன்னம்மாவின் கணவன் அந்தப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போனவன். அவன் திரும்பி வந்தால் அதில்தான் வர வேண்டும். அதனால் அவள் பின்னேரமானால் துறைக்கு வந்து நிற்கிறாள். ஒவ்வொரு பாதை வரும்போதும் இறங்குகிறவர்களைப் பார்க்கிறாள். நாவல் அங்கே முடிகிறது.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். படுவான்கரை மக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கே பிறந்த எனக்குத் தெரியும். நோயாளியைத் துறையில் வைத்துக்கொண்டு பாதை வரும்வரை தவித்த குடும்பங்கள் இருக்கின்றன. நானும் மகிழ்ச்சியோடுதான் கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் ஏறினேன். பஸ் பாலத்தில் ஏறியது. சாளரத்துக்கு வெளியே கீழே தண்ணீர். பழைய துறைப் பக்கம் பார்த்தேன். நெஞ்சுக்குள் ஒன்று அடைத்தது. இனிப் பாதை ஓடாது. அப்படியென்றால் பொன்னம்மா எங்கே போய் நிற்பாள்?

பக்கத்தில் இருந்தவர் "உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? இல்லாத ஒருத்திக்காக அழுகிறேன் என்று சொல்ல முடியுமா? ஆனால் அழுதேன், மகள். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்பதும் புதிது இல்லை. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, அவன் என்ன ஆனான், அவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுதினார். வாசகருக்குப் பதில் சொல்லிவிடலாம். எழுதியவருக்கு யார் சொல்வது? உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது. அதற்குரிய விடையை நான் எங்கள் ஊரிலேயே கண்டேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

எங்கள் கூத்தில், சட்டங்கொடுத்து, அதாவது ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, களரி என்ற ஆடுகளத்தில் அரங்கேற்றம் செய்த பிறகும் கூத்து முடிந்துவிடுவதில்லை. உடுப்போடேயே வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். சின்ன வயதில் எங்கள் வாசலுக்கு வந்த தருமரை நான் கும்பிட்டிருக்கிறேன். வயலில் தினமும் பார்க்கிற மனிதர்தான். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார், இரண்டு கைகளாலும் கொடுத்தார். அவர் சாகும்வரை ஊர் அவரைத் தருமர் என்றுதான் கூப்பிட்டது. விடியும்வரை அரசனாக நின்ற ஒருவரை, ஒரே நொடியில் முடியைக் கழற்றிவிட்டு வயலுக்குப் போ என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லவில்லை. பாத்திரத்தை ஊரே வாசல் வாசலாக வழியனுப்பியது.

கண்ணகி அம்மன் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் பூட்டியிருக்கும் கோயில் கதவுகள் வைகாசியில் திறக்கின்றன. வழக்குரை காவியம் படிக்கிறார்கள். சிலம்பு உடைகிறது, மதுரை எரிகிறது. படிப்பவருடைய குரலே நடுங்கும். அதோடு விட்டுவிட்டு எழும்பிப் போகிறார்களா? இல்லை. கடைசியில் குளிர்த்தி. தண்ணீரும் பாட்டுமாக அவளுடைய சூட்டைத் தணித்த பிறகுதான் கதவு மூடப்படும். கதையில் வந்த ஒரு பெண்ணைத் தெருவில் எரிந்தபடி விட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக்குத் தூங்கப் போக இந்த மக்களுக்கு மனம் வரவில்லை.

நான் போனேன். அதுதான் என் குறை. பொன்னம்மாவை அந்தச் சூட்டிலேயே துறையில் விட்டுவிட்டு, நல்ல முடிவு என்று திருப்திப்பட்டுக் கொப்பியை மூடினேன். அவள் கணவன் திரும்பி வந்தான் என்று எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது காத்திருக்கும் அம்மாமாருக்குச் செய்யும் துரோகம். குளிர்த்தியில் கோவலனும் உயிரோடு எழும்பி வருவதில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கை தண்ணீராவது கொடுத்திருக்க வேண்டும்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவரும் அந்தப் பெரியம்மாதான். அச்சுக்குக் கொடுக்க முதல் முழு நாவலையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய கைகளை எடுத்திருந்தேன், அவரிடம் கேட்காமல் வெளியிட எனக்கு மனம் இல்லை. மூன்று பின்னேரங்கள் கேட்டார். முடிவு வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அவளுக்குப் பிள்ளைகள் இல்லையா?"

"இல்லை, பெரியம்மா."

"அப்படியென்றால் இருட்டிய பிறகு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது யார்?"

அன்றைக்கு எனக்கு அது ஒரு வயதான பெண்ணின் வெள்ளை மனதாகத்தான் பட்டது. பாலத்தில் பஸ் போனபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு முழுதாகக் கேட்டது.

பெரியம்மா இப்போது இல்லை. போன வைகாசியில் குளிர்த்தி முடிந்து வீட்டுக்கு வந்து, புதிய கொப்பி ஒன்றை எடுத்தேன். பொன்னம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. துறைக்கு வருகிறாள், பாதை இல்லை. அங்கே பன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை "ஆச்சி, பஸ்ஸில் போகலாமே" என்று கையைப் பிடித்து வீதிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது. சாளரப் பக்கத்து இருக்கையில் அவளை இருத்தி, தன் போத்தலைத் திறந்து தண்ணீர் கொடுக்கிறது. அவள் ஒரு மிடறு குடிக்கிறாள். மிச்சத்தைக் கையில் ஊற்றி, மடியில் இருக்கும் பாயின் மேல் தெளிக்கிறாள்.

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பஸ் இன்னும் பாலத்தின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறது.